என் கை எட்டாத ஓரம்

ஸ்கெலட்டன், தங்கவயல்
மார்ச் 12, புதன்கிழமை

அன்புள்ள எலைனுக்கு,

தண்ணீர் காய்ச்ச நீ கூரைமேல் கட்டிவிட்டுப் போன சூரியப் பலகையில் சூடு ஏன் நாளுக்கு நாள் இறங்குகிறது என்று மூன்றாம் முறையாகக் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் ஆஸ்திரியக் குளிரில் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் காகிதம். முடித்ததும் படமெடுத்து அனுப்புகிறேன்.

அப்பா வழக்கம்போல் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டிய பிறகு வருகிறார், முழங்கால் வலியை மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டு முனிரத்தினம் மாமா, மைன்ஸில் ஃபிட்டராக இருந்தவர் அல்லவா, தினமும் உன் பலகையைப் பார்க்க ஏணி ஏறுகிறார். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ அதை ஒற்றைக் கையால் தூக்கி வந்ததைப் பார்த்து, "இன்னாம்மா இது, துணி காயப்போட்ற கொடி கூட இத்தவிட வெயிட்டா இருக்குமே" என்று சிரித்தவர்தான். கண்ணாடிக் குழாய் ஹீட்டர் விற்க வந்தவன் நம் ஷீட் கூரையைத் தட்டிப் பார்த்து, டேங்கோடு வீடும் கீழே வந்துடும்மா என்று சொல்லிவிட்டுப் போனதை இப்போது மாமாவே ஊரெல்லாம் சொல்கிறார். ஒரு கறுப்புப் பலகை, அதன்மேல் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாள், இவ்வளவுதான், மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய இந்த லைன் வீடு எல்லாமே தாங்கும் என்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பது உனக்கே தெரியும்.

ஆனால் முதல் வாரம் மூன்று மணிக்கு ஐம்பத்தெட்டு டிகிரி என்று, நீ தினமும் அளந்து எழுதச் சொன்ன நோட்டில் எழுதியபோது பழைய ஞாபகம் வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வரும் குழாய் எங்கள் லைனுக்கு வெளியே தரைமேலேயே ஓடும். மதியமெல்லாம் வெயிலில் கிடக்கும், மூன்று மணிக்குத் திறந்தால் முதல் இரண்டு வாளி கை வைக்க முடியாத சூடு. ஷிஃப்ட் முடிந்து வரும் உன் தாத்தாவுக்கு அந்த இரண்டு வாளி. பாறையை மாவாக அரைக்கும் மில்லில் வேலை, புருவம் வரை வெள்ளையாக வருவார். ஒருநாள் உதவுவதாக நினைத்து அவர் மூக்குக்கண்ணாடியை என் பாவாடையால் அழுத்தித் துடைத்துவிட்டேன். "அடிப்பாவி, தேச்சியா? இனிமே நீயே எனக்கு மங்கலாத்தான் தெரிவ. தண்ணிய ஊத்தி வுட்டிருந்தா போதுமே" என்று கத்தினார்.

அந்தக் கத்தல் நேற்றுதான் காதில் விழுந்தது, நோட்டில் நாற்பத்தாறு என்று எழுதிக்கொண்டிருக்கும்போது. பலகையை யாராவது தொட்டார்களா என்று கேட்டாய், இல்லை என்று பதில் போட்டேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைத்திருக்கிறேன். சயனைடு மேட்டிலிருந்து காற்றடிக்கும் நாட்களில் ஜன்னல், மேஜை, டிவி எல்லாம் துடைத்த பிறகுதானே நம் வீட்டில் காப்பி, அதை யார் ஒரு வேலையாக நினைக்கிறார்கள்? அந்த மேடே தாத்தாவின் மில் அரைத்து, சயனைடில் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய பாறை மாவு. இருபது வருடமாகக் கெமிஸ்ட்ரி நடத்துகிறவளுக்கு, அதை ஈரத்துணியில் வைத்துத் தேய்த்தால் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்று தோன்றவில்லை. என் துணிதான் கெடுத்ததா, அல்லது தாளே வெயில் தாங்காமல் மங்குகிறதா, இன்னும் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை உன் பேராசிரியர்களிடம் தாள் தாங்காது என்று சொல்லி இந்த ஆராய்ச்சியையே விடப் போவதாக எழுதியிருக்கிறாய். ஒரு நாள் பொறு. நீ வைத்துவிட்டுப் போன மாற்றுத் தாளை நாளை மாமா கட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உன் பெயர் சொல்லி ஜெபித்தார்கள், நானும் கண்ணை மூடிக்கொண்டேன். தேவன் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்கு ஓடாதே.

அன்புடன்,
அம்மா ஃப்ளோரா

வியாழன், மாலை நான்கு மணி. அனுப்பாமல் வைத்திருந்தேன். ஏழு மணிக்குப் புதுத் தாள் கட்டினோம். பத்து மணிக்குள் தூசி. பழக்கத்தில் துணியோடு ஏணியில் கால் வைத்துவிட்டேன், "டீச்சரம்மா, துணிய கீழ போடுங்க" என்று மாமா சத்தம் போட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதோடு சரி. மூன்று மணிக்கு ஐம்பத்தேழு. புதுத் தாள் என்றால் ஏறத்தான் செய்யும், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். பழைய தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், படம் இதோடு வருகிறது. முழுவதும் வட்டவட்டமாகக் கீறல். என் கை எட்டாத மேல் ஓரம் மட்டும், நாலு விரல் அகலத்துக்கு, நீ கட்டிய அன்று இருந்ததைப் போலவே தெளிவாக இருக்கிறது. அங்கேயும் அதே வெயில்தான் அடித்தது.