ஒன்பது மாலுமிகளும் பதவி இழந்த மந்திரியும்

முத்தும் உப்பும் ஒரே கரையில் விளையும் ஆழிமலை நாட்டை ஆளும் மன்னர், பெருவிறல் சேந்தர் திருமுன்புக்கு, பிரெஞ்சு தேசத்தில் தங்கள் தூதனாய் இருக்கும் அரங்கண்ணல் பணிந்து எழுதும் ஓலை. தங்கள் துறைகளில் காற்று தணிந்திருக்க. கலங்கள் யாவும் கரை சேர்க.

இவ்வோலையில் ஒரு செய்தி மட்டும் எனக்கு உறுதியாக நினைவில்லை. அதை உரிய இடத்தில் சொல்வேன்.

புயலில் ஒதுங்கிய நம் மரக்கலத்தை வேவுக்கலம் என்று ஐயுற்று, அதைச் செலுத்திய தண்டேல் வீரவாகுவையும் எட்டு மாலுமிகளையும் சான்-தெலியோ துறைமுகச் சிறையில் அடைத்ததைத் தாங்கள் அறிவீர்கள். அவர்களை மீட்க நான் அணுகியவர் கடற்படை மந்திரி கெர்வெல். கயிறு திரிப்பவர் மகன். வழக்குரைஞராகி, மக்கள் சபைக்குத் தேர்வாகி, பதினோரு ஆண்டுகளில் நான்கு முறை மந்திரியானவர். விடுதலைக்கு அவர் ஒப்பமிட இருந்த காலையில், சபை வாக்கெடுத்து மந்திரிகள் அனைவரையும் இறக்கியது. படிக்கட்டில் என்னைக் கண்டவர், தம் ஊருக்கு வரும்படி சொன்னாரா? சொன்னதாகவே இப்போது தோன்றுகிறது. அன்று அதை வெறும் உபசாரம் என்று விட்டேனோ, அறியேன்.

நம் நாட்டில் நீக்கப்பட்ட அமைச்சர் வாயிலை எவரும் மிதிப்பதில்லை. அவ்வழக்கப்படி அவரை விலக்கி, புதிய மந்திரியின் முன்கூடத்தில் ஏழு மாதம் காத்திருந்தேன். அத்தேசத்திலோ மந்திரியானவர் தம் ஊரின் நகரத் தலைமையையும் விடுவதில்லை. பதவி போனால் அங்கே திரும்பி ஊர்க்காரியம் பார்க்கிறார். கெர்வெலின் ஊர் சான்-தெலியோ. நகரத் தலைவர் பிணை நின்று, தூதன் முத்திரையிட்டால் அச்சிறை திறக்கும். இதை எவரும் எனக்குச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

கடைசியில் வேறு வழியின்றி அவர் ஊருக்குச் சென்றேன். நாற்காலி போனவனுக்கு உங்கள் நாட்டில் காதும் போய்விடுமோ என்று அவர் வினவினார். பிறகு சாளரத்தைத் திறந்து இரண்டு புதிய கல்லறைகளைக் காட்டினார். பிணை ஓலை ஏழு மாதமாக அவர் மேசையில் இருந்தது. என் முத்திரைக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

தண்டேலும் அறுவரும் இவ்வோலை வரும் கலத்திலேயே வருகிறார்கள். இளநாகனும் கொற்றனும் குளிர்க்காய்ச்சலில் இறந்து அங்கே கிடக்கிறார்கள். அவர்கள் கலத்துக்குக் காத்திருந்த நாள்களுக்குள் கெர்வெல் ஐந்தாம் முறை மந்திரியாகி, நாற்பது நாளில் இறங்கி, ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் தங்கள் தண்டனைக்குக் காத்திருக்கிறேன்.

இதை ஒன்பது வீட்டாருக்கும் ஒரு சொல் குறையாமல் படித்துக்காட்ட ஆணையிட வேண்டும். இது என் முத்திரை. காலம் தாழ்த்தி இட்ட அதே முத்திரை.