வெந்நீரில் போட்ட சால்வை

இன்று காலையில் பீரோவைத் திறந்ததும் ஈரக் கம்பளி வாடை அடித்தது. நாலு நாள் வெயிலில் கிடந்தும் போகவில்லை. உன் சால்வைதான். சால்வை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். இப்போது அது ஒரு கால்மிதி அளவுக்குத்தான் இருக்கிறது, தடிமனும் அப்படியே.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் உனக்குக் குளிர் தாங்கவில்லை. நம் பெண் அவள் இருக்கிற குளிர் ஊரிலிருந்து அசல் ஆட்டுக் கம்பளி நூல் அனுப்பினாள். நீ குரோஷா ஊசியை எடுத்து, ஓட்டை ஓட்டையாகப் பூ விட்டுப் பின்ன ஆரம்பித்தாய். "இவ்ளோ ஓட்டை இருந்தா குளிர் எப்டி அடங்கும்?" என்று கிண்டல் செய்தேன். "ஓட்டை இருந்தாதாங்க பூ" என்றாய். விரல் மரத்துப்போன நாளிலும் ஒரு வரிசையாவது போட்டுவிட்டுத்தான் படுப்பாய். கடைசி வரை உன் தோளில் அதுதான் இருந்தது.

அதை எவ்வளவு பதமாகத் துவைப்பாய்! வாளியில் பச்சைத் தண்ணீர், ஒரு துளி ஷாம்பூ. பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல மெல்ல அமுக்கி எடுப்பாய். துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றிவிட்டு, நிழலில் பாய்மேல் பரப்பி ஓரங்களை நீவி விடுவாய். "பிழியாதீங்க, தொங்கப் போடாதீங்க. வெந்நீர் மட்டும் படவே கூடாது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். "பட்டுக்குச் சாயம் போடற எனக்கே நூலப் பத்திப் பாடமா?" என்று உன் வாயை அடைத்துவிடுவேன். பிள்ளையார்பாளையத்தில் என்னைக் கேட்காமல் அரக்கு நிறம் இறங்காது என்கிற திமிர் எனக்கு.

போன வாரம் பெண் போன் செய்தாள். உன் வருஷத் திதிக்கு வருகிறாள். "நகையெல்லாம் வேணாம்பா. அம்மா சால்வைய மட்டும் எனக்குக் குடுத்துடுங்க" என்றாள். உனக்குத் தேய்த்துவிட்ட தைலத்தின் வாடையோடு கொடுக்க மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் துவைத்தேன். பட்டு நூலின் பசை போகச் செய்வோமே, அப்படியே. சோப்பும் சோடாவும் கொதிக்கிற அண்டாவில் முக்கி, கோலால் புரட்டி, அதே கோலில் மாட்டி முறுக்கிப் பிழிந்தேன். பட்டு அப்படி வெந்தால்தான் மினுங்கும். உன் கம்பளி சுருண்டுபோனது. பூவெல்லாம் மூடிக்கொண்டது.

செவிலிமேட்டில் குரோஷா சொல்லிக்கொடுக்கிற ஓர் அம்மாவிடம் பஸ் ஏறி எடுத்துப் போனேன். பிரித்தாவது திரும்பப் பின்ன முடியுமா என்று கேட்டேன். வெளிச்சத்தில் பிடித்து, ஊசி முனையால் குத்திக் குத்திப் பார்த்தார். "நூல் தலைப்பே கெடைக்கலீங்க. ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கினு இருக்குது. இனிமே ஒன்னும் பண்ண முடியாது" என்று மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

நேற்று பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.  "அத எப்டித் துவைக்கணும்னு அம்மா உங்ககிட்ட சொன்னதே இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

"அம்மா ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கலாம்" என்றாள். குரலில் உன்மேல் வருத்தம். நான் போனை வைத்துவிட்டேன். அவளைத் திரும்பக் கூப்பிட்டு நிஜத்தைச் சொல்ல இன்றைக்கும் தைரியம் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை. இருந்தபோது உன் பேச்சை நான் கேட்கவில்லை. இப்போது நீ பேசவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.