கடைசிப் பெயர் வரை

மார்ச் 4, செவ்வாய்

கழுதை இன்றைக்கும் பாலத்தில் ஏறவில்லை.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். எழுந்தபோது பதினொன்றே கால். வேலை இரண்டு மணிக்குத்தான். இந்த வீடியோ ஆட்டம் வெளிவந்தபோது எனக்கு ஐந்து வயது. ஒரு பெண், ஒரு கழுதை, நான்கு உப்பு மூட்டை, ஒரு மலை. மலையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் கதை. கழுதையை அடிக்க முடியாது. அடிக்கிற பொத்தானே வைக்கவில்லை. அது நின்றால் நாமும் நிற்க வேண்டும். கிணறு வந்தால்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். நடுவில் மின்சாரம் போனால் அன்றைய காலை போச்சு. முகங்கள் தீப்பெட்டி மாதிரி இருக்கின்றன. கைப்பிடியில் இடது குச்சி தேய்ந்து, விரலை எடுத்தால் தானாக வலப்பக்கம் இழுக்கிறது. பள்ளமும் வலப்பக்கம்தான்.

எனக்குப் பிடித்திருக்கிறது. யாருக்கும் காரணம் சொல்லப்போவதில்லை.

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான். "கேம் கம்பெனியில சம்பளம் வாங்குறவ, வீட்ல உக்காந்து புதைபொருள் தோண்டுறா."

இந்த மிஷினே அவன் தூக்கிப் போட்டதுதான். அதற்குப் பிறகு இரண்டு வாங்கிவிட்டான். எல்லா ஆட்டத்தையும் வெளியான அன்றே வாங்குவான், வரிசையில் நின்று.

"உன் புது மிஷின் மொதல்ல அப்டேட்டை முடிக்கட்டும், அப்புறம் வந்து பேசு" என்றேன். நேற்றிலிருந்து அது நாற்பது சதவீதத்தில் நிற்கிறது.

மார்ச் 5, புதன்

ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர் 'தொல்லியல்'. இருக்கட்டும்.

வெளியே சொன்னால், "கேம் ஆடச் சம்பளமா!" என்று கண்ணை விரிக்கிறார்கள். ஒருநாள் வந்து பாருங்களேன். நாங்கள் சோதிக்கிற புது ஆட்டத்தில் இந்த வாரம் எனக்குத் தெற்குச் சந்தை. அதன் மதிலை ஓரடி ஓரடியாக முட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது உடம்பு சுவருக்குள் புகுந்து, உலகத்துக்குக் கீழே விழுந்தால் அது பக், அதாவது பிழை. எழுதி அனுப்ப வேண்டும்: என்னென்ன படிகள், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, எவ்வளவு தீவிரம். எட்டு மணி நேரம் சுவரில் முட்டுகிறேன். மறுநாளும் அதே சுவர், ஏனென்றால் அதற்குள் யாரோ வானத்தின் நிறத்தை மாற்றியிருப்பார்கள், அதில் சுவர் எங்கேயாவது பிளந்திருக்கும்.

என்னோடு சேர்த்து இருபத்துமூன்று சோதனையாளர்கள். எல்லோரும் ஒப்பந்தம். எங்களுக்குச் சாம்பல் அட்டை, நிரந்தர ஆட்களுக்கு நீலம். நாங்கள் இருப்பது நான்காம் மாடி, சாம்பல் அட்டைக்கு ஐந்தாம் மாடிக் கதவு திறக்காது. ஜன்னல் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் மேற்பார்வையாளருக்கும் சாம்பல் அட்டைதான், ஆனால் அவர் அதைச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்திருப்பார். நாங்கள் அனுப்பும் பக்கையெல்லாம் 'பிழை அல்ல' என்று மூடுவதால் அவர் பெயர் மூடி.

இன்று அண்ணனைப் பற்றி யோசித்தேன். வெளியான அன்றே வாங்குகிறவன் யார்? எங்களை மாதிரியே ஒரு சோதனையாளன். என்ன, அவன் காசு கொடுத்துச் சோதிக்கிறான். நான் எல்லோரும் விழுந்து எழுந்த பிறகு போகிறேன். எனக்கென்ன குறைச்சல்?

மார்ச் 9, ஞாயிறு

ஏறிவிட்டது! பெண்ணை ஒரு பாறையோடு ஒட்டி நிறுத்தி, கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். நான் தொடவேயில்லை. அதுவாகப் பாலத்தில் ஏறி, நடுவில் நின்று, திரும்பி என்னைப் பார்த்தது.

"பாத்தியா, நச்சரிக்காம இருந்தா எல்லாரும் நடப்பாங்க" என்றாள் அம்மா. அது அண்ணனுக்கா, எனக்கா, தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

முடித்தேன். உப்பு இறங்கியது. ஊரில் ஒருத்தரும் கைதட்டவில்லை. ஒரு கிழவர் மூட்டையைப் பிரித்து நக்கிப் பார்த்துத் தலையாட்டினார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், வெற்றி என்றால் இவ்வளவு போதும் என்று.

பிறகு பெயர்கள் ஓடின. தாண்டிப் போகவும் முடியாது, பொத்தான் வேலை செய்யாது. பன்னிரண்டு நிமிடம். சத்தம் சேர்த்தவர், கழுதையின் காதை வரைந்தவர், காதை அசைத்தவர். சோதித்தவர்கள் முப்பத்தொரு பேர், ஒவ்வொருவராக. கடைசியில் ஒரு வரி: 'எங்களுக்கு டீ போட்டவர்' — அவர் பெயர்.

அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "இவ்வளவு பேரா? ஒரு கழுதைக்கா?"

அப்புறம் அவளாகவே சொன்னாள். பதினாலு வருடம் சட்டைக் கம்பெனியில் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பார்த்து முடித்த சட்டையின் பையில் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார்களாம்: 'பரிசோதித்தவர் 9'.

"அது நாந்தான். எந்தெந்த நாட்டுலயோ போட்டிருப்பாங்க."

"கோபம் வரலையா உனக்கு?"

"எதுக்கு? ஒம்பது நல்ல நம்பர்தானே."

எனக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

மார்ச் 17, திங்கள்

எங்கள் ஆட்டத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல் இன்று சோதனைக்கு வந்தது. அடுத்த மாதம் வெளியீடு. எல்லோரும் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். நான் பெயர்களைப் படித்தேன்.

முதலீடு செய்தவர்கள் இரண்டு நிமிடம். தயாரிப்புக் காலத்தில் நீல அட்டைக்காரர்களுக்குப் பிறந்த குழந்தைகள், ஒன்பது பேர். இயக்குநர் வீட்டு நாய். நாயின்மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல பெயர். அப்புறம், 'சோதனை: வெளிநிறுவனம்.' ஒரே வரி.

மூன்று வருடம், ஒவ்வொரு சுவரிலும் என் நெற்றி பட்டிருக்கிறது. வெளிநிறுவனமாம்.

மார்ச் 18, செவ்வாய்

பக் எழுதினேன். எண் 4417. தலைப்பு: கடைசிப் பட்டியலில் இருபத்துமூன்று பெயர்கள் விடுபட்டுள்ளன. படிகள்: ஆட்டத்தை முடிக்கவும், கடைசிவரை பார்க்கவும். எதிர்பார்த்தது: வேலை செய்தவர்களின் பெயர். நடந்தது: இல்லை. தீவிரம்: மிக அதிகம்.

தீவிரம் மிக அதிகமாக இருக்கிற பக் ஒன்று திறந்திருந்தாலும் ஆட்டத்தை வெளியிட முடியாது. அது அவர்கள் போட்ட விதி, நான் போட்டதில்லை.

ஆறே நிமிடம். 'மூடப்பட்டது. பிழை அல்ல.'

மீண்டும் திறந்தேன். மூடினார். திறந்தேன். நான்காவது முறை நேராகவே வந்து நின்றார்.

"ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா?"

"இதான் சார் என் வேலை. தப்பா இருக்கிறதை எழுதுறது."

"அதை யாரு பாக்கப்போறா? எல்லாரும் பொத்தானை அமுக்கித் தாண்டிடுவாங்க."

"நான் பாப்பேன்."

"நீ பாப்ப. நீ பத்து வருஷம் கழிச்சுப் பாப்ப!" பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு குரலைத் தணித்தார். "பேரு வந்தா வாடகை குறையுமா? எம் பேரும்தான் இல்ல. நான் ஏதாவது கேட்டனா?"

"கேளுங்க சார். கேட்டா என்ன?"

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 20, வியாழன்

அடுத்த நாற்காலிக்காரருக்கு நான் வைத்த பெயர் கண்ணாடி — மூக்கில் தடிமனாக ஒன்று, நெற்றியில் இன்னொன்று. அவரிடம் கேட்டேன், நீங்களும் ஒன்று எழுதுங்கள் என்று.

"எனக்கு ரெட்டைப் பிள்ளைங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

கோழை என்று எழுதினேன், அடித்துவிட்டேன். எனக்குச் சாப்பாடு போட அண்ணன் இருக்கிறான். வாய்ச்சவடால் அடிக்கிறதும் ஒரு வசதிதானே?

மார்ச் 24, திங்கள்

இருபத்திரண்டு!

மதியம் திரையைத் திறந்தால் வரிசையாக இருபத்திரண்டு பக். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெயர் விடுபட்டதாக, அவரவர் பெயரைப் போட்டு. கண்ணாடியுடையது முதலில். தலைப்பிலேயே எழுதியிருந்தார்: 'இரண்டு பிள்ளைகள் அப்பா பெயரைத் தேடுவார்கள்.'

"ரெட்டைப் பிள்ளைங்கன்னீங்க?"

"ஆமா. அதுங்கதான் வீட்ல கேட்டுச்சு. 'கேம்ல உன் பேரு எங்க வரும்?'னு."

ஒவ்வொன்றையும் மூடக் காரணம் எழுத வேண்டும். மூடி இருபத்திரண்டு காரணம் யோசித்தார். பதினான்காவதில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். டீ அக்கா தட்டோடு வந்தவர் எங்கள் சிரிப்பைப் பார்த்து, "யாருக்காவது கல்யாணமா?" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

ஐந்தாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். நீல அட்டைக்காரி ஒருத்தி கதவைத் திறந்துவிட்டாள். ஜன்னல் உண்மையிலேயே பெரியது.

"உங்க ஆர்வத்தை மதிக்கிறோம். ஆனா இது குடும்பம் மாதிரி ஒரு இடம்" என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"குடும்பத்துல எல்லாருக்கும் பேர் இருக்கும் மேடம்."

அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஆபீஸ் வாசலில் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு. திருப்பி வைத்தேன். சிவப்பு. என் தண்ணீர் பாட்டிலைக் காவலாளி ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

வேலை போனது எனக்கு மட்டும்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிகூட. இருக்கட்டும் போ.

ஏப்ரல் 25, வெள்ளி

வெளியாகிவிட்டது. அண்ணன் வரிசையில் நின்று வாங்கிவந்தான். தெற்குச் சந்தையில் குதிரை வானத்தில் மிதக்கிறது என்று திட்டுகிறான். திட்டட்டும், அது என் சுவர் இல்லை.

மே 6, செவ்வாய்

அண்ணன் முடித்துவிட்டான். கதவோரம் நின்று, வழக்கமான கிண்டல் இல்லாமல், "கடைசிவரைக்கும் பாத்தேன். அதே ஒரு வரிதான் இருக்கு" என்றான்.

தாண்டாமல் பார்த்திருக்கிறான். பதினொரு நிமிடம். அவன் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. "கழுதை ஆட்டத்தை மறுபடி ஆரம்பிக்கப் போறேன், டிவியை விடு" என்றேன்.

ஜூன் 13, ஞாயிறு — இரண்டு வருடம் கழித்து, அதே நோட்டு

அலமாரியைத் துடைக்கும்போது கிடைத்தது இந்த நோட்டு. வேண்டுமென்றே இன்று எழுதுகிறேன்.

இப்போது லிஃப்ட் கதவுகளைச் சோதிக்கிற வேலை. ஒவ்வொரு தாளிலும் முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், ஏதாவது நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. இதற்கு மட்டும் பெயர் வேண்டும்.

எங்கள் ஆட்டத்தை அண்ணன் எப்போதோ கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். மே மாதம் எடுத்தேன். அவன் ஒதுக்கிய மிஷின், ஒதுக்கிய ஆட்டம். அப்டேட் இறங்கவே ஒருநாள் ஆயிற்று. குதிரை தரையில் நிற்கிறது இப்போது. பேசுகிற ஆட்களின் உதடு பேச்சோடு ஒத்துப்போகிறது. இப்போதுதான் இது முழு ஆட்டம். இதை இப்போது ஒருத்தரும் ஆடுவதில்லை, ஊரே காலியாக எனக்கு மட்டும். தெற்குச் சந்தை மதிலை ஒரு சுற்று முட்டிப் பார்த்தேன், கை சும்மா இருக்கவில்லை. ஓர் ஓட்டை இல்லை. நல்ல சுவர். சொல்கிறேன், நல்ல ஆட்டம்! வயிறெரிந்துகொண்டே ஆரம்பித்தேன், ஆறு வாரம் ஒரு காலையும் விடாமல் ஆடினேன்.

இன்று முடித்தேன். அம்மா பக்கத்தில். முதலீட்டாளர்கள், குழந்தைகள், நாய். அந்த ஒரு வரி வரவேண்டிய இடத்தில் —

'சோதனை.' அந்தத் தலைப்புக்கும் மேலே, 'மேற்பார்வை' என்று தனியாக மூடி. கீழே கண்ணாடி. அதற்குக் கீழே ஒவ்வொருவராக. நன்றி என்ற இடத்தில் தெரியாத பெயர் ஒன்று, அடைப்புக்குறிக்குள் 'நான்காம் மாடி, டீ'. மூன்று வருடம் அவர் கையால் டீ குடித்தேன். பெயரைக் கேட்டதில்லை நான். நானும்தான்.

"உன் பேரு எங்க?" என்றாள் அம்மா.

இருபத்திரண்டு. மறுபடி ஓடவிட்டு எண்ணினேன். இருபத்திரண்டுதான்.

கண்ணாடியைப் போனில் பிடித்தேன். இரண்டு வருடமாகக் கூப்பிடாததற்கு அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார், அதெல்லாம் அப்புறம் என்றேன்.

"நீ போனப்புறம், நாங்க மறுபடி திறந்து வச்சிருந்த இருபத்திரண்டையும் மூடிட்டார். உன்னோடதை மட்டும் மூடல. தீவிரத்தைக் 'குறைவு'ன்னு மாத்திட்டு அப்படியே திறந்து விட்டுட்டார். குறைவா இருக்கிறதை எவனும் பாக்க மாட்டான், வெளியீட்டுக்கும் தடை இல்ல. கேட்டதுக்கு, 'எனக்குக் கை வலிக்குதுய்யா'ன்னார். போன வருஷம் புதுசா வந்த ஒரு பொண்ணு, பழைய பாக்கியெல்லாம் தீர்க்கிறவ, 4417ஐப் பாத்துட்டு, பேர் விட்டுப்போயிருக்கேன்னு அவபாட்டுக்குப் பட்டியல் கேட்டு வாங்கிச் சேத்துட்டா. யாருகிட்டயும் அனுமதி கேக்கல, கேக்கணும்னே அவளுக்குத் தெரியல."

"அப்ப நான்?"

"வெளியீட்டு அன்னைக்கு யார் யார் வேலையில இருந்தாங்களோ அந்தப் பட்டியல் குடுத்தாங்க. நீ அதுல இல்லையே. நாங்க யாருமே கடைசிவரைக்கும் ஆடிப் பாக்கலம்மா. இன்னைக்கு நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது, திரையில வருதுன்னு."

பின்னால் இரண்டு பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. ஆட்டத்தைப் போடச் சொல்லி.

ஜூன் 14, திங்கள்

வேலைக்குக் கிளம்பும் முன் கம்பெனியின் வாடிக்கையாளர் புகார்ப் படிவத்தைத் திறந்தேன்.

தலைப்பு: கடைசிப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டுள்ளது.
படிகள்: ஆட்டத்தை முடிக்கவும். பொத்தானை அழுத்தித் தாண்ட வேண்டாம். 'சோதனை' என்ற தலைப்பின் கீழ் எண்ணவும்.
எதிர்பார்த்தது: இருபத்துமூன்று.
நடந்தது: இருபத்திரண்டு.

என் முழுப் பெயரைக் கீழே எழுதினேன். தீவிரம் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. நானாகச் சேர்த்தேன்: குறைவு.

அரை நிமிடத்தில் தானியங்கிப் பதில் வந்தது. இது பழைய தயாரிப்பு, இரண்டாம் பாகம் வந்துவிட்டது, வாங்கி மகிழுங்கள் என்று.

தெரியும். அண்ணன் போன வாரமே வரிசையில் நின்று வாங்கிவிட்டான்.

நான் அதையும் ஆடுவேன். அவன் கட்டிலுக்கு அடியில் தள்ளட்டும்.