வெளியே நின்ற டிராலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், அவரை விட்டுப் பிரிய மனசில்லாத முட்டிவலியும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய், நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

போனில் சொன்னால் நடுவில் பேசிக் கெடுப்பாய், அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல். போன மாதம் எங்கள் பொரிப்பகத்தில் ஒரு டிராலி முட்டை அத்தனையும் கூமுட்டையாகிவிட்டது, விளக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்றிலும் நரம்பு ஓடவில்லை. முட்டை கொண்டுவரும் வேன் டிரைவர் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கியிருப்பான் என்று மேனேஜர் முடிவுகட்டி, அவனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒருத்தரும் மறுக்கவில்லை. ஏனென்றால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பட்டம் வைத்து ஆறு வருஷமாகப் பரப்பிய மகராசி உன்னைப் பெற்றவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னதான் படிக்கிறாய் என்று தெரியாத்தனமாகக் கேட்டேன், ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டாய். நீ ஆராய்ச்சி பண்ணும் மீன்முட்டைக்குள் உயிரணு ஒன்று இரண்டாகி இரண்டு நாலாகி முதலில் கண்மண் தெரியாமல் ஓடுமாம், அப்புறம்தான் பிரேக் முளைத்து, எல்லாம் சரியா என்று நின்று பார்த்துப் பார்த்துப் பிரியுமாம். கோழிமுட்டையைக் குளிரில் வைத்தால் அந்த ஓட்டம் அப்படியே நிற்கும், சூடு பட்டால் மறுபடி ஓடும், கொஞ்ச நேரம் என்றால் தாங்கும், ரொம்ப தூரம் ஓடவிட்டுக் குளிரில் தள்ளினால் செத்துப்போகும் என்றாய். எனக்கு அந்தக் கூமுட்டை டிராலி ஞாபகம் வந்துவிட்டது. உன் மீன்முட்டை எல்லாம் செத்துவிட்டது என்று அழுதுகொண்டு போன் பண்ணினாயே, அன்றைக்கு முட்டை வைக்கும் குளிர் அறைக்குள் சிக்னல் இல்லை என்று கையிலிருந்த அந்த டிராலியோடு வெளியே வந்தேன். உன்னைத் தேற்றிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் வந்து பார்த்தால், இன்குபேட்டர் சூடு அடிக்கிற வாசலில் டிராலி நிற்கிறது, முட்டையெல்லாம் வெதுவெதுப்பு. சத்தமில்லாமல் மறுபடி குளிர் அறைக்குள் தள்ளிவிட்டு, ஒன்றும் ஆகாது என்று மறந்தும்விட்டேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை முட்டைத் தட்டு கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார், நியாயம்தான். எழுத்து கோணலாக இருந்தால் கை தண்ணீரில் ஊறியதால்தான், மூன்றாம் வகுப்போடு நின்றதால் இல்லை. டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வந்தவன் நேராக என்னிடம் வந்தான். திட்டுவான் என்று தலை குனிந்து நின்றேன். "தூங்கினது உண்மைதான்க்கா. ஆனா நிழல்ல நிறுத்திட்டுத்தான் தூங்கினேன்" என்றான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷத்தில் அவன் பேர் என்ன என்று அன்றைக்குத்தான் கேட்டேன். இப்போது பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை.

நீ நன்றாக இரு, உன் மீன்முட்டைகளும் பிழைக்கட்டும். நீ போன் பண்ணியது தப்பென்று நினைத்துக்கொள்ளாதே. அழுகை வந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, கையில் டிராலி இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுவிடு.

இப்படிக்கு,
தட்டு கழுவும் உன் அம்மா