குதி வெளிப்பக்கம் தேய்ந்த செருப்பு

உன் செருப்பு வார் இன்று காலை அறுந்துவிட்டது. இத்தனை நாள் ஸ்டாண்டிலேயே கிடந்ததை இன்றுதான் முதல் தடவையாக எடுத்து மாட்டினேன். நாலு தெரு தாண்டவில்லை, பட்டென்று போயிற்று. சத்துவாச்சாரி காய்கறிக் கடை வாசலில், ஒரு கையில் முருங்கைக்கீரையும் மறு கையில் செருப்புமாக நொண்டிக்கொண்டே, எதிரே மரத்தடியில் தைப்பவரிடம் போனேன். அவர் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவைத் திறந்ததும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாம் நாளெல்லாம் முகர்ந்த அதே வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவள், கடைசியாக என் வீட்டுக்கு வந்த அன்று என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாயே! போன் செய்து சொன்னதற்கு, "அடுத்த வாட்டி வரும்போது மாத்திக்கலாம், இப்ப இன்னா அவசரம்" என்றாய். பதினோரு நாளில் நீயே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

ஷூவின் மேல்பாகம் தைக்கும் அந்த ஹாலில் உன் மெஷினும் என் மெஷினும் பக்கத்துப் பக்கத்தில். உன் தையல் ஒரு இழை விலகி யாரும் பார்த்ததில்லை. அடுத்தவள் தையல் கோணினால் கேட்காமலே பிரித்துப் போடுவாய்; அதனாலேயே பாதிப் பேருக்கு உன்மேல் கடுப்பு. புது மெஷின் மாட்ட ஹாங்காங்கிலிருந்து வந்தவர், ஊர் திரும்பும்போது கெஸ்ட் ஹவுஸில் நாலு வீடியோ கேசட்டை விட்டுவிட்டுப் போனார். எப்படியோ அவை உன் கைக்கு வந்தன. உன் அண்ணன் சவுதியிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக் உங்கள் வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

சீனத்து டி.வி. நாடகம், யுத்தக் கதை. பேச்சு ஒரு வார்த்தை புரியாது. எல்லார் முகத்திலும் சேறு, தொப்பி கண்வரை, எங்கு பார்த்தாலும் புகை. யார் நம் ஆள், யார் எதிரி என்று நான் குழம்பினால் அதட்டுவாய்: "மூஞ்சியப் பாக்காதடி, காலப் பாரு." லெப்டினென்ட் ஒருவனுக்கு இடது பூட்ஸின் குதி வெளிப்பக்கம் தேய்ந்திருக்கும், உன் செருப்பைப் போலவே. அதனாலேயே அவன் உனக்கு ஹீரோ. எதிரி உடுப்பில் அவன் வேவு பார்க்கப் போனபோதும் குதியை வைத்தே பிடித்துவிட்டாய். "அவன்தான்டி! வேஷம் போட்டுக்கினு போறான்!" என்று நீ கத்தியதில் உன் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

அப்புறம் அந்த நர்ஸ். குண்டடிபட்டவர்களுக்குத் தையல் போடும் அதே ஊசியால் லெப்டினென்டின் கிழிந்த பூட்ஸை அவள் தைத்த இடம்தான் நமக்குப் பிடித்த இடம். கையைப் பிடிக்கவில்லை, பாட்டுப் பாடவில்லை. அவன் ஒற்றைக் காலில் நின்றான், அவள் தைத்தாள், அவ்வளவுதான். நீ டேப்பை ஓட்டி ஓட்டித் தையலை எண்ணினாய். ஒன்பது. "கடைசித் தையலுக்கு முடிச்சு போடல பாரு. பிரிஞ்சா திரும்பி வருவான்னு வுட்டிருக்கா" என்றாய். அவள் அப்படி நினைத்தாளோ என்னவோ, நான் அழுதுவிட்டேன்.

நாலாவது கேசட்டின் கடைசியில் ஆஸ்பத்திரிப் படிகளில் அந்த பூட்ஸ் ஏறி வந்தது. கால் மட்டும்தான் தெரிந்தது. நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்த இடத்தில் டேப் டெக்கில் சிக்கிக் கசங்கிப் போயிற்று. நீ அசரவில்லை. "வந்துட்டான்ல? அப்புறம் இன்னா, கல்யாணம்தான்!" மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஹாலுக்கே அந்தக் கல்யாணத்தை மேளதாளத்தோடு நடத்திவைத்தாய்.

அதே மாதம்தான் குடியாத்தத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தறி ஓட்டும் குடும்பம். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் காபி குடிக்கும்போதே அப்பா உள்ளே வந்து, "உனக்குப் புடிச்சாத்தாம்மா. நீயே சொல்லு" என்றார். எதை வைத்துச் சொல்வது? காலமெல்லாம் கூட இருக்கப்போகிறவர் முன்கோபியா, நல்லவரா, ஒன்றும் தெரியாமல், துணைக்கு வந்திருந்த உன்னைப் பார்த்தேன். நீ வாசலுக்குப் போய் அவர் கழற்றிவிட்ட செருப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தாய். "குதி சமமா தேஞ்சிருக்கு, நிதானமான ஆளு. முன்பக்கம் அடிபடவே இல்ல, எதையும் எட்டி ஒதைக்கமாட்டாரு. சரின்னு சொல்லிடு." சொல்லிவிட்டேன்.

கல்யாணமான மூன்றாம் நாள் பேச்சுவாக்கில் கேட்டால், அது அவருடைய சித்தப்பா செருப்பாம்! இவருடையது பஸ் ஸ்டாண்டில் பிய்ந்துபோக, சித்தப்பா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்தாராம். உன்னிடம் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "அப்ப சித்தப்பாவையே கட்டியிருக்கலாம்" என்றாய். சூப்பர்வைசர் வந்து திட்டும்வரை சிரித்தோம்.

ஆனால் உன் பயம் போகவில்லை. திங்கட்கிழமை தவறாமல் கேட் அருகே நின்று, "வூட்டுக்காரு எப்பிடிடி இருக்காரு?" என்று கேட்பாய். கேலிபோலத்தான் கேட்பாய், கண் மட்டும் என் முகத்தையே பார்க்கும். உன் பேச்சைக் கேட்டு நான் கெட்டுவிட்டேனோ என்று நீ தவித்தது எனக்குத் தெரியும். நன்றாக இருக்கிறார் என்றால் நம்பமாட்டாய். ஒரு மழைக்காலத் திங்களன்று என் செருப்பைக் கழற்றி உன்னிடம் நீட்டினேன். அறுந்த வாரை அவரே உட்கார்ந்து தறி நூலால் தைத்திருந்தார். படுகோணல். நீ பிரித்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்தாய். "பிரிக்காத. அப்டியே வுடு" என்றாய். அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டாய்.

போன வருஷம் என் மகள் அந்த நாடகத்தைப் போனில் தேடிப் பிடித்து, கீழே ஓடிய ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னாள். படியேறி வந்தது லெப்டினென்ட் இல்லையடி. அவன் ஆற்றைக் கடக்கும்போதே செத்துப்போனான். அவன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தது அவனுடைய தோஸ்த். நர்ஸ் காலைப் பார்த்துச் சிரிக்கிறாள், பிறகுதான் முகத்தைப் பார்க்கிறாள். சித்தப்பா செருப்புக் கதையேதான் என்று உன்னிடம் சொல்லிச் சிரிக்க நினைத்தேன். ஆனால் அந்த நர்ஸின் முகம் என்னைச் சொல்லவிடவில்லை.

கடைசியாக வந்த அன்று என் மகளை உட்காரவைத்து, முதல் கேசட்டிலிருந்து கல்யாணம்வரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாயே. அவள் வாயைத் திறந்தாள். நான் கண்ணைக் காட்டினேன். "அப்புறம் என்னாச்சு பெரியம்மா?" என்று கேட்டுவைத்தாள், நல்ல பெண். அந்தச் சந்தோஷத்தில்தான் செருப்பை மாற்றி மாட்டியிருப்பாய்.

தைப்பவர் வாரைத் தைத்துவிட்டுச் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "குதி வெளிப்பக்கமா தேஞ்சிருக்கு. உங்க நடை இப்டி இல்லியேம்மா. சமமா ஒட்டித் தரட்டா?"

"வேணாம்பா. அப்டியே வுடு" என்றேன்.

வீட்டுக்கு வரும்வரை என் கால் உன் காலைப் போலவே வெளிப்பக்கம் சாய்ந்தது, உன்னைப் போலவே தேய்த்துத் தேய்த்து நடந்தேன். படியேறும்போது அந்தச் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். முதலில் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம், அவதான் வர்றாளோன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

என் கையிலிருந்த கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், நீ குடிப்பாயே, அதேபோல சர்க்கரை ஜாஸ்தியாக ஒரு டீ போட்டுக் கொண்டுவந்தார். வாசற்படியில் உன் செருப்பின் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். இன்று திங்கட்கிழமை. நல்லா இருக்காருடி.