சாமி வீட்டில் இருக்கும்வரை சாகக்கூடாது

அக்டோபர் 2
இந்த வருஷம் சாமிப் பெட்டி என் வீட்டில். சபையைத் தொடங்கிய ஓயோனெ அம்மாவுக்கு முள்ளங்கி கழுவும்போது அருள் வந்து, "எனக்குக் கோயில் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு வீட்டில் இருக்கிறேன்" என்று சாமி சொன்னதிலிருந்து எங்கள் சபையின் வழக்கம் இது. சீட்டில் என் பெயர் வருவதற்குள் கிழவியாகிவிட்டேன். அறுவடைத் திருவிழாவில் பெட்டியைத் தூக்கி நான்தான் முன்னால் நடக்க வேண்டும். அதை ஷிகேனோ பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரரின் தங்கை. என் கல்யாணத்துக்கு மறுநாள் நான் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, "பாத்திரம் கழுவின தண்ணியா அண்ணி?" என்று கேட்டவள். மறப்பேனா?

அக்டோபர் 5
ஷிகேனோவுக்குக் கடும் காய்ச்சல். நல்லா வேணும்.
சாயங்காலம் பூசாரி மொரிதா வந்தார். "உங்க நாத்தனார் போயிட்டா உங்களுக்குத் தீட்டும்மா. பெட்டிய அன்னிக்கே வேற வீட்டுக்கு மாத்திடுவோம்."
ஐயோ, அவளை நான் காப்பாத்தணுமா?

அக்டோபர் 6
கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். ஊதி ஊதி ஊட்டினேன். என் தலையெழுத்து.

அக்டோபர் 9
அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எவன் சொன்னான்?
"இந்த ஊறுகாய்ல புளிப்பே இல்ல அண்ணி. மனசு விட்டுப்போச்சு. போயிடுவேன்போல."
ஓடிப்போய், பேரன் கல்யாணத்துக்கு வைத்திருந்த ஜாடியைத் திறந்தேன்.
"காலை அமுக்கிவிட்டா இன்னும் ரெண்டு நாள் தாங்குவேன்."
அமுக்கினேன். கை கழுத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 13
இன்று நடிப்பில்லை. மூச்சு இழுத்தது, கண் திறக்கவில்லை. பயந்துபோய்க் கத்தினேன்: "செத்துத் தொலைக்காதடி! திருவிழா முடியட்டும்!"
ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "முடிஞ்சதும் சாகலாமா?"


அக்டோபர் 17
பெட்டியைத் தூக்கி நடந்தேன். ஷிகேனோ தன் மகன் முதுகில் ஏறி வந்திருந்தாள். "நேரா நட அண்ணி, சாமிக்குத் தலை சுத்துது!" ஊரே சிரித்தது.
பிறகு பூசாரி அடுத்த வருஷத்துக்குச் சீட்டு எடுத்தார். ஷிகேனோ வீடு. பெட்டி அன்றைக்கே அங்கே போனது.

அக்டோபர் 18
கஞ்சி கொதித்த பிறகுதான் உறைத்தது, இனி தேவையில்லையே என்று. வைத்ததைக் கொட்டவா முடியும்? கொண்டுபோனேன்.

நவம்பர் 20
காலையில் எனக்கு இரண்டு தும்மல். நான் போனால் அவள் வீட்டுக்கும் தீட்டுத்தானே. மதியத்துக்குள் சூப்போடு வந்து நின்றாள்.
"குடி அண்ணி. எப்படி இருக்கு?"
இத்தனை வருஷம் காத்திருந்தேன்.
"பாத்திரம் கழுவின தண்ணியாடி இது? மனசு விட்டுப்போச்சு. போயிடுவேன்போல."
வேறு சூப் வைக்க வீட்டுக்கு ஓடினாள். என்ன ஓட்டம்! நான் அமுக்கிவிட்ட கால்.