வாயைத் திறந்தால்தான் கெவுளி

ஏனுங்க, என் நித்யா அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. சொல்ல எவ்வளவோ இருக்கிறது, உடம்பில்தான் தெம்பில்லை. உடுமலைப் பக்கம் உங்கள் குலசாமி கோயிலுக்குப் போய்விட்டு முழங்கால் வலியோடு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன்.

கூட வேலை செய்கிற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நித்யா கேட்டபோது, "கோயில்ல கெவுளி சொல்லட்டும், செஞ்சுபோடலாம்" என்றீர்கள். உங்கள் குடும்பத்துக்குப் பல்லியின் சத்தம்தான் சாமியின் வாக்கு. இரண்டு தடவை போய் உட்கார்ந்தீர்கள். சுவரில் பல்லி இருந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி போவதற்குள் நீங்களே போய்விட்டீர்கள். அப்பா சரி என்று சொல்லாமல் எப்படி என்று அவள் இன்னும் காத்திருக்கிறாள். நான் என்ன செய்ய?

இன்று உங்கள் அண்ணனும் வந்தார். கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பல்லி. காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், அது வாலைக்கூட ஆட்டவில்லை. எனக்கு அலுத்துப்போயிற்று.

கல்யாணமான புதிதில் நீங்கள் "கெவுளி சொல்லுது" என்றதும் நான் முழித்தது ஞாபகம் இருக்கிறதா? என் அம்மா வீட்டில் கவுளி என்றால் வெற்றிலைக் கட்டு. வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். கெவுளி தங்கள் தெலுங்கிலிருந்து வந்த சொல் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, டீ ஆறும்வரை அவரோடு மல்லுக்கு நின்றீர்கள். அப்புறம் என்னிடம், "எங்கிருந்து வந்தா என்ன கண்ணு. சும்மா ஒட்டிக்கிட்டுக் கெடந்தா பல்லி. வாயத் தொறந்து சொன்னாத்தான் கெவுளி" என்றீர்கள்.

இத்தனை வருஷம் உங்கள் வீட்டில் நானும் சும்மாதான் ஒட்டிக்கொண்டிருந்தேன். நித்யா விஷயத்தில்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏனுங்க?

உங்கள் அண்ணன் எழுந்து, "இன்னொரு நாளைக்கு வரலாம் அம்மணி" என்றார்.

"வேண்டாமுங்க மாமா. பெத்தவ நான் சொல்றனுங்க. தை மாசம் கல்யாணத்த வெச்சுக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார், பல்லியைப் பார்த்தார். செருப்பைத் தேடப் போய்விட்டார்.

நித்யாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பா என்னம்மா சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள்.

"இன்னொருக்கா கோயிலுக்குப் போலாம்னு சொல்லியிருப்பாங்க. நான் போக மாட்டேன் கண்ணு" என்றேன். அழுதாள். நானும்தான்.

முகூர்த்தத்தன்று முதல் தாம்பூலம் உங்கள் போட்டோவுக்குத்தான். என்மேல் வருத்தம் இருந்தால், நான் அங்கே வரும்போது திட்டிக்கொள்ளுங்கள். அதுவரை இந்த வீட்டில் சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நித்யாவைப் பெற்றவள்